டர்பனில் டர்போ பொருத்திய லேண்ட் குரூசர்: கிட், மானிஃபோல்டு, பட்டறை

டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம் பகுதித் தோட்டங்களில் விளையும் பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சுரைக்காய், பூசணி ஆகியவற்றை ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே உள்ள லெனேசியாவின் கடைகளுக்கு ஏற்றிச் செல்வது எங்கள் குடும்பத் தொழில். அதற்குப் பயன்படும் டொயோட்டா லேண்ட் குரூசர் 79 பிக்கப்பின் 4.2 லிட்டர் டீசல் எஞ்சினில், வெளிச்சந்தையில் விற்கும் டர்போ கிட் (வெளியேறும் வாயுவின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவும் அதைப் பூட்டத் தேவையான பொருள்களும்) ஒன்றை ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு பட்டறையில் பொருத்தினோம். ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் முழு லோடுடன் ஓட்டிப் பார்த்தபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கிட்டில் வந்த மானிஃபோல்டு (சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் வாயுவைத் திரட்டி டர்போவுக்குக் கொண்டுபோகும் வார்ப்பு) மிகச் சிறந்தது, டர்போ நல்லது, அவற்றோடு வந்த ஹோஸ், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் முதலிய சிறு பொருள்கள் இந்த விலைக்குத் தகுதியானவை அல்ல. பட்டறையின் வேலை பெரும்பகுதி நேர்த்தியானது, ஓர் இடத்தில் மட்டும் கவனக்குறைவானது. இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்வதற்கு முன், இந்த எஞ்சினுக்கு டர்போ ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1எச்இசட் எனப்படும் இந்த எஞ்சின் 1990 முதல் வருவது. ஆறு சிலிண்டர், 4,164 சிசி, பிளாக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டும் வார்ப்பிரும்பு, டீசல் நேரடியாகப் பிஸ்டன் மேல் பாயாமல் ஹெட்டிலுள்ள முன்னறையில் பாய்ந்து எரியும் அமைப்பு. தென்னாப்பிரிக்காவில் விற்ற வண்டிகளில் இதற்குக் குறித்திருக்கும் திறன் 96 கிலோவாட், முறுக்குவிசை 285 நியூட்டன் மீட்டர். உழைப்பில் இதற்கு இணையான எஞ்சின் குறைவு என்பதை இந்த நாட்டின் பண்ணைக்காரர்கள் அனைவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் டர்போ இல்லாத எந்த எஞ்சினுக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு: சுற்றியுள்ள காற்று எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறதோ அந்த அழுத்தத்தில்தான் அது மூச்சு விட முடியும். டர்பனில் கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் அது 82 அல்லது 83. அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைகிறது. டீசல் பம்போ உயரத்தை அறியாமல் கடலோரத்தில் கொடுத்த அதே அளவு டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காற்று குறைந்து எரிபொருள் குறையாதபோது கரும்புகை வருகிறது, இழுவை போகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறுகிறது.

டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் லோடுடன் போகிறவர்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை. கீ ரிட்ஜ் ஏற்றமும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கைத் தாண்டிய டவுன் ஹில் ஏற்றமும் செங்குத்தானவை என்றாலும் அங்கே காற்றாவது அடர்த்தியாக இருக்கும். லேடிஸ்மித் பக்கத்துச் சமவெளியைக் கடந்து வான் ரீனன் கணவாயில் ஏறத் தொடங்கும்போதுதான் சோதனை. ஏற்றமும் கடுமை, காற்றும் மெலிவு. டர்போ பொருத்துவதற்குப் பல மாதங்கள் முன்னரே வாயுவெப்பமானி ஒன்றைப் பழைய மானிஃபோல்டில் துளையிட்டுப் பொருத்தி வைத்திருந்தேன். முழு லோடில் மூன்றாம் கியரில் அந்தக் கணவாயை ஏறும்போது முள் 700 டிகிரியைத் தாண்டி நின்றதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். இந்த எஞ்சினில் அளவு மீறிய வெப்பம் நீடித்தால் ஹெட்டில் வால்வுகளுக்கு இடையே விரிசல் விழும், பிஸ்டன் தலையும் கெடும். ஆகவே நாங்கள் டர்போவைத் தேடியது வேகத்துக்காக இல்லை. அதே டீசலை எரிக்க அது போதிய காற்றைக் கொடுத்து வெப்பத்தைக் குறைக்கும் என்பதற்காக. டர்போ பொருத்தினால் எஞ்சின் சீக்கிரம் போய்விடும் என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். டீசலைக் கண்டபடி கூட்டிவிட்டால் அது உண்மை. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால், மேட்டு நிலத்தில் எஞ்சின் முன்பைவிடக் குளிர்ந்தே ஓடும்.

இருந்தாலும் ஒரு வரம்பு உண்டு. இதே குடும்பத்தில் டர்போவுடன் டொயோட்டாவே தயாரித்த 1எச்டி-டி எஞ்சினில், எரிப்பு முறையையே நேரடிப் பாய்ச்சலாக மாற்றி, அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) 18.6 ஆகக் குறைத்து, பிஸ்டனுக்கு அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். நம் எஞ்சினின் அமுக்க விகிதம் 22.4. பின்னாளில் டர்போ பொருத்துகிறவர் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. பூஸ்ட் அழுத்தத்தை, அதாவது சுற்றுக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தத்தை, அரை பாருக்கும் (ஒரு பார் 100 கிலோபாஸ்கல்) 0.7 பாருக்கும் இடையில் நிறுத்துவதே நல்லது. ஒரு பாருக்கு மேல் வைத்துத் தருகிறேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்தப் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இப்போது கிட்டுக்கு வருகிறேன். பெட்டியில் இருந்தவை: இரண்டு துண்டாக வார்த்த மானிஃபோல்டு, டர்போ, அதன் கீழ்க்குழாய், எண்ணெய் வரத்துக் குழாய், எண்ணெய் வடிகால் ஹோஸ், தண்ணீர்க் குழாய்கள், காற்றுக் குழாய்கள், கேஸ்கட்டுகள், மானிஃபோல்டை ஹெட்டோடு பூட்டும் ஸ்டட், நட். விளம்பரங்களில் எல்லோரும் டர்போவின் பெயரையும் அளவையுமே பெரிதாகப் போடுகிறார்கள். இந்த வேலையின் ஆயுளைத் தீர்மானிப்பது மானிஃபோல்டு என்பது என் உறுதியான கருத்து. டர்போ கெட்டால் கழற்றி வேறொன்றைப் பூட்டிவிடலாம். மானிஃபோல்டு வளைந்தாலோ வெடித்தாலோ ஸ்டட்டுகள் ஹெட்டுக்குள் முறிந்து, அவற்றைத் துளைத்து எடுக்கும் வேலை ஹெட்டைக் கழற்றுவதில்தான் போய் முடியும்.

ஆறு சிலிண்டர் வரிசைக்கு ஏற்ற மானிஃபோல்டு ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளம். ஏற்றத்தில் அதன் உலோகம் ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாகும்போது அது நீள்கிறது. அது பூட்டப்பட்டிருக்கும் ஹெட்டோ உள்ளே தண்ணீர் ஓடுவதால் நூறு டிகிரியை ஒட்டியே இருக்கும், அவ்வளவாக நீளாது. இரண்டுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். ஒரே துண்டாக, எல்லாத் துளைகளும் இறுக்கமாக இருக்கும் மானிஃபோல்டு இந்த நீட்சிக்கு இடமில்லாமல் ஒவ்வொரு பயணத்திலும் ஸ்டட்டுகளைப் பக்கவாட்டில் தள்ளும். ஆறிய பிறகு இழுக்கும். எங்களுக்கு வந்த வார்ப்பில் நடுவே ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இணைப்பு இருக்கிறது. அதில் பிஸ்டன் ரிங் போன்ற வளையங்கள் வாயுவைத் தடுக்கின்றன. இரு ஓரத் துளைகளும் நீள்வட்டமாக வெட்டப்பட்டிருக்கின்றன. அதனால் மானிஃபோல்டு நடுவிலிருந்து வெளிப்புறமாக நகர இடமுண்டு. வடிவமைத்தவர் இந்த எஞ்சினோடு பழகியவர் என்பது இதைப் பார்த்த உடனே புரிந்தது.

இதைவிடக் குறைந்த விலையில், எஃகுக் குழாய்களை வளைத்து வெல்டிங் செய்த மானிஃபோல்டுகளும் கிடைக்கின்றன. பார்வைக்கு அவை அழகு, எடையும் குறைவு. ஆனால் டர்போவின் முழு எடையும் அந்த வெல்டிங் மீது தொங்குகிறது. மேடு பள்ளச் சாலையில் அதிர்வும், சூடும் ஆறுதலும் மாறி மாறி வருவதும் சேர்ந்து வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடுவது வழக்கம். பந்தய வண்டிக்கு அது பொருந்தலாம். நாள்தோறும் லோடு இழுக்கும் வண்டிக்குக் கனமான வார்ப்பிரும்பே சரி.

பட்டறையின் முதல் நல்ல பண்பு அங்கேதான் தெரிந்தது. தலைமை மெக்கானிக் பெட்டியைப் பிரித்ததும் டர்போவைக் கையில் எடுக்கவில்லை. மானிஃபோல்டின் இரு துண்டுகளையும் இணைத்து மேசைமேல் கவிழ்த்து, மட்டம் பார்க்கும் எஃகுச் சட்டத்தை ஆறு வாய்களின் முகத்தின்மேல் நீளவாக்கில் வைத்து, அதன் அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வோர் இடமாக நுழைத்துப் பார்த்தார். “அண்ணா, டர்போவ அப்புறம் பாக்கலாம், முதல்ல இந்த மொகத்தப் பாருங்க” என்று அழைத்துக் காட்டினார். ஐந்து வாய்களில் தகடு நுழையவில்லை. கடைசி வாயில், எஞ்சினின் பின்பக்கம் வரும் ஆறாவது சிலிண்டரின் முகத்தில், 0.2 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் உள்ளே போனது. அந்த இடைவெளியை கேஸ்கட்டே அடைத்துவிடும் என்று விட்டுவிடும் பட்டறைகள் உண்டு. இவர் அதை லேத் பட்டறைக்கு அனுப்பி, இரு துண்டுகளையும் இணைத்த நிலையிலேயே முகத்தைச் சீவி வாங்கினார். அதனால் வேலை ஒரு நாள் தள்ளிப்போனது. ஆனால் அந்த நாள் வீண் இல்லை.

அதற்கு முன் எஞ்சினின் நிலையையும் அவர் பார்த்திருந்தார். ஆறு சிலிண்டருக்கும் அமுக்கச் சோதனை செய்து, எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதை எழுதிக் கொடுத்தார். டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார். சொட்டும் நாசில் ஒன்று இருந்தாலும் டர்போவுக்குப் பிறகு அந்தப் பிஸ்டன் ஒன்றுக்கு மட்டும் சூடு கூடி உருகும் என்பதால் இது தவிர்க்கக் கூடாத வேலை. டைமிங் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிட்டோம்; இந்த எஞ்சினில் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது.

அடுத்தது எண்ணெய். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது பேரிங்குக்குள் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் உள்ளே போவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். வெளியே வருவதுதான் உண்மையில் கடினமான பகுதி. உள்ளே போகும் எண்ணெய் எஞ்சினின் அழுத்தத்தோடு போகிறது. வெளியே வரும்போது அழுத்தம் ஏதுமின்றி, நுரைத்த நிலையில், தன் எடையால் மட்டுமே இறங்க வேண்டும். ஆகவே வடிகால் அகலமாகவும், கூடியவரை செங்குத்தாகவும், எங்கும் மேல்நோக்கி வளையாமலும் இருக்க வேண்டும். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். அது தாழ்ந்தாலோ நெரிந்தாலோ எண்ணெய் தேங்கி, சீல் வழியே புகைபோக்கிக்குள் கசிந்து நீலப்புகை வரும். டர்போ போய்விட்டது என்று நினைத்து மறுபடி டர்போ வாங்கி ஏமாந்தவர்களை நான் அறிவேன். அவர்கள் வண்டியில் குறை வடிகாலில் இருந்தது.

பட்டறை இந்த வேலையை முறையாகச் செய்தது. சம்ப்பை முழுதாக இறக்கி, வெளியே வைத்துத் துளையிட்டு, வாய்க்குழாயை வெல்டிங் செய்து, உள்ளே ஒரு இரும்புத் துகளும் இல்லாமல் கழுவி மறுபடி ஏற்றினார்கள். எஞ்சினிலேயே வைத்துத் துளைத்துவிட்டு, கிரீஸ் தடவிய முனையில் துகள்கள் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். எண்ணெய் இணைப்புகளில் சிலிக்கோன் பசையைத் தொடவே இல்லை. பிதுங்கிய பசைத் துண்டு ஒன்று உள்ளே போய் வழியை அடைத்தால் பேரிங் கெட அதிக நேரம் ஆகாது. முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவின் எண்ணெய் வாயில் புது எண்ணெயை ஊற்றி, விரலால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, எஞ்சின் பற்றாமலிருக்க, டீசல் பம்பிலுள்ள நிறுத்து சோலனாய்டின் (டீசலை அடைக்கும் மின்வால்வின்) வயரைக் கழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் இடைவெளி விட்டு விட்டு ஓட்டினார்கள். வயரை மாட்டிச் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. புகை இல்லை, விசில் போன்ற மெல்லிய ஒலி மட்டும்.

கிராங்க் கேஸின் மூச்சுக் குழாயை டர்போவுக்கு முன்னால், காற்று உறிஞ்சும் பக்கத்தில் சேர்த்ததையும் குறிப்பிட வேண்டும். பழைய இடத்திலேயே விட்டிருந்தால் பூஸ்ட் அழுத்தம் எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்கி எல்லா சீல்களையும் வெளியே தள்ளியிருக்கும். புகைபோக்கியையும் டர்போவிலிருந்து கடைசிவரை 76 மில்லிமீட்டர் குழாயாக மாற்றினார்கள். கொஞ்சம் சத்தம் கூடியிருக்கிறது. நீண்ட பயணத்தில் அது காதுக்கு உறுத்தவில்லை.

டீசலைப் பற்றி முதல் நாளே தெளிவாகப் பேசிக்கொண்டோம். டர்போ இல்லாத எஞ்சினுக்கான பம்பில் பூஸ்ட் ஏறும்போது மட்டும் டீசலைக் கூட்டும் கருவி கிடையாது. திருகைத் திருப்பினால் எல்லா வேகத்திலும் கூடும். டர்போ விழித்துக்கொள்வதற்கு முந்தைய குறைந்த சுற்றில் கரும்புகை கக்கும். அதனால் முதல் சில வாரங்கள் பம்பைத் தொடவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பூஸ்ட் 0.6 பாரில் நின்றது. வான் ரீனனில் அதே லோடு, அதே மூன்றாம் கியர். வாயுவெப்பமானி 580 டிகிரியை ஒட்டியே நின்றது. பின்னால் கரும்புகை இல்லை. அதன் பிறகே பம்பின் திருகை மிகச் சிறிதளவு திருப்பினோம். இப்போது நான்காம் கியரில் ஏறுகிறது, 650 டிகிரியைத் தாண்டுவதில்லை. முன்பு லாரிகளுக்குப் பின்னால் இடது ஓரமாக ஊர்ந்த வண்டி இன்று அவற்றை நிதானமாகக் கடக்கிறது. டீசல் செலவில் பெரிய மாற்றம் எதையும் நான் காணவில்லை. மிச்சமாகும் என்று விற்பவர் சொன்னால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

வெப்பமானியின் முனை எங்கே இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முனை முறிந்து விழுந்தால் டர்போவின் சக்கரத்தை நொறுக்கும் என்று அஞ்சி, டர்போவுக்குப் பின்னால் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே காட்டும் எண், லோடில், முன்பக்கத்தைவிட நூறு டிகிரிக்கும் மேல் குறைந்து இருக்கலாம். அந்த வேறுபாடும் நிலையானது இல்லை. பிஸ்டன் அறிவது முன்பக்க வெப்பத்தை. தரமான முனையை வாங்கி, வாய்கள் கூடும் இடத்தில், டர்போவுக்கு முன்னாலேயே பொருத்துங்கள். கிட்டில் இந்த மானியைச் சேர்க்காமல் தனியாக விற்பது சரியில்லை. இது இல்லாமல் இந்த எஞ்சினில் டர்போ ஓட்டுவது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதே.

மேட்டு நிலத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடல் மட்டத்தில் 0.6 பார் பூஸ்ட் என்பது சுற்றுக்காற்றைப் போல 1.6 மடங்கு. ஜோகன்னஸ்பர்க்கில் அதே 0.6 பாரைக் கொடுக்க 1.7 மடங்குக்கு மேல் அமுக்க வேண்டும். டர்போ அங்கே கூடுதல் வேகத்தில் சுழல்கிறது. டர்பனில் பூஸ்டை உச்சத்தில் வைத்துவிட்டு மேலே போகிறவர்களின் டர்போ சீக்கிரம் தேய்வதற்கு இதுவே காரணம். அமுக்கிய காற்று சூடாகவும் ஆகிறது: 30 டிகிரியில் உள்ளே போவது ஏறத்தாழ 90 டிகிரியில் வெளியே வரும். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இதைக் குறைக்கும். எங்கள் பூஸ்டில் அது கட்டாயம் இல்லை என்று இப்போதைக்கு விட்டிருக்கிறோம். எப்போதும் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அதையும் சேர்த்து வாங்கச் சொல்வேன்.

குறைகளைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். ஒரு மாதம் ஓடியபின், காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பின்பக்கத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு ஒலி, சூடானதும் நின்றுவிடும். டார்ச் அடித்துப் பார்த்தபோது ஆறாவது வாயின் கீழ் விளிம்பிலிருந்து ஹெட்டின் மேல் விசிறி போல் கரி படர்ந்திருந்தது. முகம் சீவியிருந்தது, மட்டம் சரியாக இருந்தது. ஆனால் சூடேறி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கும் வேலையைப் பட்டறை எங்களுக்குச் சொல்லவும் இல்லை, நாள் குறித்து வண்டியை அழைக்கவும் இல்லை. கிட்டோடு வந்த மெல்லிய கேஸ்கட் அமுங்கியதும் அந்த ஓரத்து நட்டுகள் தளர்ந்துவிட்டன. கொண்டுபோய்க் காட்டியதும் அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, பல அடுக்கு எஃகு கேஸ்கட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சால் இறுக்கி, கூலி வாங்காமல் அனுப்பினார்கள். அதன் பிறகு ஒலி இல்லை. ஆனாலும் இது முதலிலேயே நடந்திருக்க வேண்டிய வேலை.

இரண்டாவது குறை கிட்டுக்கு உரியது. எண்ணெய் வடிகாலுக்குக் கொடுத்த ரப்பர் ஹோஸ், டர்போவின் சூடான பக்கத்திலிருந்து ஒரு விரல் தூரத்தில் போகிறது; அதற்கும் மானிஃபோல்டுக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு எதுவும் இல்லை. கேஸ்கட்டுக்காகக் கழற்றியபோது ஹோஸின் அந்தப் பக்கம் கருகி, அமுக்கினால் நெளியாமல் விறைத்துப் போயிருந்தது. இன்னும் சில மாதங்களில் வெடித்திருக்கும். சூடான இரும்பின் மேல் எண்ணெய் கொட்டினால் வண்டி தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இந்த இடத்தில் இரும்புக் குழாயும், நடுவில் ஒரு சிறு துண்டு மட்டும் வெப்பம் தாங்கும் ஹோஸும் வைத்து, மேலே ஒரு தகடும் தர வேண்டியது தயாரிப்பாளரின் கடமை. நாங்கள் சொந்தச் செலவில் அப்படிச் செய்துகொண்டோம். மானிஃபோல்டை இவ்வளவு யோசித்து வார்த்தவர்கள் இதில் சிக்கனம் பிடித்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

செலவு, கிட்டும் கூலியும் சேர்த்து அறுபதாயிரம் ராண்டை நெருங்கியது. நாசில், டைமிங் பெல்ட் ஆகியவை அதற்கு மேல். கிளட்ச் பழையதாக இருந்தால் அதற்கும் பணம் ஒதுக்குங்கள். கூடிய முறுக்குவிசையில் தேய்ந்த கிளட்ச் வழுக்கத் தொடங்கும். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் முடியாத புது வண்டியில் இதைச் செய்ய வேண்டாம். அதே 79 வரிசையில் 4.5 லிட்டர் வி8 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அதில் டர்போ தொழிற்சாலையிலிருந்தே வருகிறது.

ஓட்டுநரும் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றம் முடிந்ததும் பெட்ரோல் பங்கில் நுழைந்து உடனே சாவியைத் திருப்பி அணைத்தால், சிவக்கக் காய்ந்த டர்போவுக்குள் எண்ணெய் நின்றுபோய்க் கரியாகிவிடும். தண்ணீர்க் குழாய் இணைத்த டர்போவில் இந்த ஆபத்து குறைவு என்றாலும், ஓரிரு நிமிடம் நிதானமாக ஓடவிட்டு அணைப்பது நல்லது. எண்ணெயையும் ஃபில்டரையும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறோம். காற்று ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸின் கிளிப்புகளை அப்போது கையால் ஆட்டிப் பார்ப்பது அவசியம். அதில் ஒரு சிறு இடைவெளி இருந்தால் கரும்புக் காட்டுப் புழுதி நேரே டர்போவின் சக்கரத்தை அரித்துவிடும்.

இந்தக் கிட்டை வாங்க நினைப்பவர்கள் விலை பேசும்போதே மூன்று விஷயங்களை ரசீதில் எழுதி வாங்குங்கள்: மானிஃபோல்டு முகத்தின் மட்டம் பார்த்துத் தேவையானால் சீவித் தருவது, பெட்டியில் வரும் கேஸ்கட்டுக்குப் பதிலாகப் பல அடுக்கு எஃகு கேஸ்கட் போடுவது, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் ஆறிய எஞ்சினில் கூலியின்றி மறுபடி இறுக்கித் தருவது. வடிகால் ஹோஸைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு இரும்புக் குழாய்க்குச் சொல்லிவிடுங்கள். அதற்கான கூடுதல் கூலி மிகக் குறைவு.